ஊடலுக்குப் பதினான்கு அடி

"காதல் வந்தவன் விரல்விட்டு எண்ணிக்கொண்டா இருப்பான்?" என்று கேட்டார் நண்பர். பெங்களூர் அல்சூர் ஏரிக்குப் பின்புறத் தெரு ஒன்றில், ஒரு வீட்டு மொட்டைமாடியில் மாதந்தோறும் கூடுகிற எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் அன்று ஷேக்ஸ்பியரின் சானெட்டுகள். நண்பர் பொதுத்துறை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெடுங்காலமாகப் புதுக்கவிதை எழுதுகிறவர். யாப்பு என்ற சொல் காதில் விழுந்தாலே முகம் சுளிப்பவர். பதினான்கு அடி, அடிக்குப் பத்து அசை, அதில் ஐந்து அழுத்தம், இன்ன அடிக்கு இன்ன அடியோடு இயைபு, இன்ன இடத்தில் திருப்பம் என்று விதிகளை ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு, "இது கணக்கு, அம்மா. இதில் காதல் எங்கே இருக்கிறது?" என்று முடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். காபி வந்தது. பேச்சு கர்நாடக அரசியலுக்குப் போய்விட்டது. எனக்குத்தான் மனம் ஆறவில்லை. பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தே காலம் தள்ளியவள் என்பதால் மட்டுமல்ல. அவர் கேட்ட கேள்வியில் பாதி நியாயம் இருந்தது. அந்தப் பாதிதான் உறுத்தியது.

கூட்டம் முடிந்து திரும்பும் வழியில் வள்ளுவர் சிலை. 1991 முதல் 2009 ஆகஸ்ட் வரை பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து பிறகு திறக்கப்பட்ட கதையைப் பெங்களூர்த் தமிழருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மனிதர் காமத்துப்பாலில் பாடிய 250 குறளில் ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. 'வாளற்றுப் புற்கென்ற கண்ணும் அவர்சென்ற நாளொற்றித் தேய்ந்த விரல்.' பொருள் தேடிப் போனவன் வரவில்லை. அவன் போன நாட்களைச் சுவரில் கோடுகளாக இழுத்து வைத்திருக்கிறாள் தலைவி. அவற்றைத் தொட்டுத் தொட்டு எண்ணியே விரல் தேய்ந்துபோகிறது. விரல்விட்டு எண்ணுவானா என்று நண்பர் கேட்கிறார். விரல் தேய எண்ணியிருக்கிறாள் ஒருத்தி. அதையும் வள்ளுவர் எண்ணி ஏழு சீரில்தான் சொல்கிறார், 'வாள்' என்று தொடங்கிய அடிக்கு 'நாள்' என்று எதுகை வைத்து.

காதலைப் போலக் கணக்குப் பார்க்கிற உணர்ச்சி வேறு உண்டா என்று எனக்குச் சந்தேகம். இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்கைப் பாருங்கள். அவிஞ்ஞோனில் புனித கிளாரா ஆலயத்தில் லாராவை முதன்முதலாகக் கண்டது 1327 ஏப்ரல் 6. அவள் இறந்தது 1348இல், அதே ஏப்ரல் 6. அதே வேளையும்கூட என்று தன்னிடமிருந்த வர்ஜில் கவிதைச் சுவடியில் குறித்து வைத்திருக்கிறார். அவளைப் பற்றிய தொகுப்பில் 366 பாடல்கள். அவற்றில் 317 சானெட். இந்த மனிதரிடம் போய்க் காதலுக்கும் எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னால் சிரித்திருப்பார், அல்லது அழுதிருப்பார்.

நோட்டரியின் 'ஆனால்'

சானெட்டைத் தொடங்கி வைத்தவர் ஒரு நோட்டரி. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பாதியில் சிசிலியில், பேரரசர் இரண்டாம் ஃபிரடெரிக்கின் அவையில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்த ஜாக்கொமோ தா லெந்தினிதான் இந்த வடிவத்தின் முன்னோடி என்று கருதப்படுகிறது. தாந்தே தன் காவியத்தில் அவரை 'நோட்டரி' என்றே குறிப்பிடுகிறார், பெயர் தேவைப்படவில்லை. பத்திரம் எழுதுகிறவரின் புத்தி அவருடைய சானெட் ஒன்றில் அப்பட்டமாகத் தெரிகிறது. சொர்க்கத்துக்குப் போகும் பொருட்டுக் கடவுளுக்கு ஊழியம் செய்ய உறுதி பூண்டிருக்கிறேன் என்று ஆரம்பிக்கிறார். பிறகு, என் தலைவி இல்லாமல் அங்கே போக எனக்கு மனமில்லை என்கிறார். எட்டு அடி ஆகிவிட்டது. இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் அது வெறும் காதல் பிதற்றல். ஒன்பதாம் அடி 'ஆனால்' என்று தொடங்குகிறது: பாவம் செய்கிற எண்ணத்தில் இதைச் சொல்லவில்லை, அவளுடைய நல்லொழுக்கத்தையும் அழகிய முகத்தையும் அங்கே கண்டுகொண்டிருந்தால் போதும் என்றுதான் சொல்கிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்திருக்கும் முன்பே ஆட்சேபணையைத் தானே எழுப்பி, தானே பதிலும் சொல்லி, ஷரத்தைச் சேர்த்துக் கையெழுத்து போட்டுவிட்டார்.

சானெட்டின் உயிர் அந்த 'ஆனால்'தான். பதினான்கு என்ற எண் இரண்டாம்பட்சம். இத்தாலிய முறையில் முதல் எட்டு அடி ஒரு பக்கம், அடுத்த ஆறு அடி மறுபக்கம். எட்டடியில் இரண்டே இயைபுகள் மாறி மாறி வரும். ஆறடிக்கு வந்ததும் அவை ஒழிந்து புதிய இயைபு பிறக்கும். எண்ணம் திரும்பும் இடத்தில் ஓசையும் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. பதினாறாம் நூற்றாண்டில் வயட், சர்ரே ஆகிய ஆங்கிலக் கவிஞர்கள் இருவரும் இதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனபோது ஒரு சிக்கல். இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடிகின்றன. இயைபுக்குப் பஞ்சமே இல்லை. ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. ஆகவே சர்ரே இயைபுகளை ஏழாகப் பரப்பி, மூன்று நாலடிகளும் கடைசியில் ஓர் ஈரடியுமாக மாற்றிக்கொண்டார். 1609இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 154 சானெட்டுகளும் ஏறத்தாழ இந்த அச்சில்தான் வார்க்கப்பட்டவை. ஏறத்தாழ என்கிறேன், ஏனென்றால் 99ஆம் பாட்டில் பதினைந்து அடி, 126இல் பன்னிரண்டே அடி. விதியை வகுத்தவர்களைவிட அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்பவர்கள் உரையாசிரியர்கள்தான். எல்லா மொழியிலும் இந்தக் கதைதான்.

நண்பருக்கு இதை ஆங்கிலத்தில் விளக்குவதைவிட நம் வீட்டுச் சரக்கைக் காட்டுவது எளிது என்று தோன்றியது. மூதுரையில் எல்லோரும் பள்ளியில் மனப்பாடம் செய்த வெண்பா: 'நல்லார் ஒருவர்க்குச் செய்த உபகாரம் கல்மேல் எழுத்துப்போல் காணுமே - அல்லாத ஈரமிலா நெஞ்சத்தார்க்கு ஈந்த உபகாரம் நீர்மேல் எழுத்துக்கு நேர்.' இரண்டாம் அடியின் கடைசியில் கோடு போட்டுத் தனியாக நிற்கிறதே 'அல்லாத', அந்தத் தனிச்சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஓசையால் அது முன்பாதியைச் சேர்ந்தது: நல்லார், கல்மேல், அல்லாத என்று எதுகை ஒன்றுகிறது. பொருளால் அது பின்பாதியைச் சேர்ந்தது: நல்லாரை விட்டுவிட்டு அல்லாதாரிடம் போகிறது. ஒரு கால் இந்தக் கரையில், ஒரு கால் அந்தக் கரையில். அதன் பிறகு எதுகையும் மாறிவிடுகிறது: ஈரமிலா, நீர்மேல். நோட்டரி ஒன்பதாம் அடியில் செய்ததை நம் யாப்பு இரண்டாம் அடியின் நான்காம் சீரில் செய்து முடிக்கிறது. நேரிசை வெண்பாவின் தனிச்சொல்லை இந்தக் கண்ணோடு பார்க்கப் பழகிய பிறகு எனக்கு சானெட் அந்நியமாகத் தெரிந்ததே இல்லை. நல்லாருக்குச் செய்ததை மறக்காமல் குறித்து வைத்திருக்கும் அந்தப் பாட்டும் ஒரு கணக்குப் புத்தகம்தான் என்பதை நண்பரிடம் வேண்டுமென்றே சொல்லவில்லை.

முடியிலிருந்து அடிவரை

காதல் சானெட்டின் அணிகளைப் பற்றிப் பேசும் எவரும் ஷேக்ஸ்பியரின் 130ஆம் பாட்டுக்கு வராமல் போக மாட்டார்கள். பெத்ரார்க்குக்குப் பின்னால் வந்தவர்கள் அவருடைய உவமைகளைத் தேய்த்துத் தேய்த்துப் பாழாக்கியிருந்தார்கள். கண் சூரியன், உதடு பவளம், மார்பு பனி, கூந்தல் பொற்கம்பி, கன்னம் ரோஜா. ஒவ்வோர் உறுப்பாக எடுத்துப் புகழ்ந்துகொண்டே போவது ஒரு வாய்பாடு. நம்மிடமும் உண்டு, கேசாதிபாதம் என்று பெயரே வைத்திருக்கிறோம். ஷேக்ஸ்பியர் அந்த வாய்பாட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் இல்லை போடுகிறார். என்னவள் கண் சூரியன்போல இல்லவே இல்லை. பவளம் அவள் உதட்டைவிட எவ்வளவோ சிவப்பு. பனி வெண்மை என்றால் அவள் மார்பு மங்கிய பழுப்பு. தலையில் இருப்பது கறுப்புக் கம்பி. வாசனைத் திரவியம் அவள் மூச்சைவிட இனிமையாக இருக்கும். பேசுவதைக் கேட்க எனக்கு ஆசைதான், இருந்தாலும் சங்கீதம் அதைவிட நன்றாக இருக்கும் என்று தெரியும்.

தெய்வத்தைப் பாடினால் பாதத்தில் தொடங்கி முடிக்குப் போக வேண்டும், மனிதரைப் பாடினால் முடியில் தொடங்கிப் பாதத்துக்கு வர வேண்டும் என்பது நம் மரபு. 130ஆம் பாட்டில் வரிசை நடுவில் கொஞ்சம் குழம்பினாலும், கண்ணில் தொடங்கியது நடையில்தான் முடிகிறது. அங்கே அவர் சொல்வது: தேவதை நடந்து நான் பார்த்ததில்லை, என்னவள் நடந்தால் கால் தரையில் படுகிறது. தமிழ் வாசகருக்கு இதற்கு உரை வேண்டுமா? நம் தேவர்களுக்குக் கால் நிலத்தில் பாவாது, கண் இமைக்காது. இவள் மண்ணில் மிதித்து நடக்கிற பெண். ஆகவே பாட்டும் பாதத்தில் வந்து இறங்குகிறது. பன்னிரண்டு அடி மறுத்துவிட்டு, கடைசி ஈரடியில் 'ஆயினும்' என்று ஆணையிட்டுச் சொல்கிறார்: பொய் உவமைகளால் புனையப்பட்ட எந்தப் பெண்ணுக்கும் இவள் இளைத்தவள் இல்லை. பன்னிரண்டு அடிக்கு ஒரு மறுப்பைத் தாங்கிப் பிடிக்கக் கணக்கு வேண்டும். ஓர் அடி குறைந்திருந்தாலும் அது கேலியாகவே நின்றிருக்கும், பத்து அடி கூடியிருந்தால் அவமானமாகியிருக்கும்.

இன்னொன்று. உன் பெயருக்கு இந்தக் கவிதையால் அழியாத வாழ்வு கிடைக்கும் என்று 81ஆம் சானெட்டில் வாக்குக் கொடுக்கிற ஷேக்ஸ்பியர், 154 பாட்டிலும் அந்தப் பெயரை மட்டும் சொல்லவில்லை. ஆராய்ச்சியாளர்கள் இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்று விதித்த தொல்காப்பியர் இதைப் பார்த்திருந்தால் தலையை ஆட்டியிருப்பார்.

செயலாளரின் கத்திரி

இவ்வளவும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தாலும் நண்பரின் கேள்விக்கு இது பதிலாகாது என்று தெரிந்தே இருந்தது. வடிவம் அழகானது என்று நிறுவலாம். வடிவத்துக்குள் காதல் இருக்கிறதா என்பதல்லவா கேள்வி? அதற்கான பதில் கே.ஆர்.புரம் தாண்டி எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், மேசைப் பந்து ஆடும் அறையில் கிடைத்தது.

குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவுக்கு ரோமியோவும் ஜூலியட்டும் முதலில் சந்திக்கும் காட்சியை நடிக்க இரண்டு பிள்ளைகள் முன்வந்தார்கள். இருவரும் பி.யூ.சி. படிக்கிறவர்கள். பெண்ணின் வீடு கரூர்ப் பக்கம். பையனின் வீடு ஹாசன். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை என்பதால் பயிற்சி என் தலையில் விழுந்தது. முதல் அங்கம், ஐந்தாம் காட்சி. விருந்துக் கூட்டத்தில் ரோமியோ அவள் கையைத் தொட்டுவிட்டுப் பேசத் தொடங்குகிறான்: இந்தப் புனிதத் தலத்தை என் தகுதியற்ற கை தீண்டிவிட்டது என்றால், நாணிச் சிவந்த இரண்டு யாத்திரிகர்களான என் உதடுகள் அந்தக் கரடுமுரடான தீண்டலை ஒரு முத்தத்தால் ஆற்றக் காத்திருக்கின்றன. புனிதத் தலம், யாத்திரிகர் என்பதை விளக்க நான் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. செப்டம்பரில் சிவாஜிநகர் மரியன்னை ஆலயத் திருவிழாவுக்குக் காவி உடுத்திக் கூட்டம் கூட்டமாக வருகிறவர்களை இருவருமே பார்த்திருக்கிறார்கள். சொரூபத்தைத் தொட்ட விரலை உதட்டில் ஒற்றிக்கொள்வதைப் பையன் உடனே செய்து காட்டினான்.

சிக்கல் ஓசையில்தான். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தை எல்லா அசைக்கும் ஒரே எடை போட்டுப் பேசுவார்கள். நம் யாப்பில் குறிலா நெடிலா, ஒற்று அடுத்ததா என்பது பேச்சு. ஆங்கில யாப்பில் எங்கே அழுத்துகிறோம் என்பதுதான் பேச்சு. அழுத்தமில்லாதது ஒன்று, அழுத்தமுள்ளது ஒன்று என்று ஐந்து இணைகள் ஓர் அடிக்கு. மேசைமேல் விரலால் தட்டிக்கொண்டே படிக்கச் சொன்னேன். தட்டுகிற வேகத்தில் பையன் முதல் நாலடியைச் சொல்லி முடித்தான்: ஹேண்ட், திஸ், ஸ்டாண்ட், கிஸ் என்று அடிகள் முடிகின்றன. பெண் அடுத்த நாலடியைச் சொன்னாள்: மச், திஸ், டச், கிஸ். சொல்லிவிட்டு நிறுத்தினாள். "ஆன்ட்டி, அவன் முடித்த அதே சொற்களில் நானும் முடிக்கிறேன். எனக்கு வேறு சொல் கிடைக்காதா?" என்று கேட்டாள்.

கிடைக்கும். ஷேக்ஸ்பியருக்குச் சொல் பஞ்சம் வந்ததாக வரலாறு இல்லை. இரண்டாம் நாலடிக்குப் புதிய இயைபு போடலாம். போட வேண்டும் என்பதுதான் ஆங்கில முறை. இங்கே ஜூலியட் அவனுடைய 'திஸ்', 'கிஸ்' இரண்டையும் எடுத்துக்கொள்கிறாள். எடுத்துக்கொண்டு என்ன சொல்கிறாள்? நல்ல யாத்திரிகரே, உங்கள் கையை அநியாயமாகப் பழிக்கிறீர்கள். யாத்திரிகர்கள் தொடுவதற்கென்றே புனிதர்களுக்குக் கை இருக்கிறது. உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்வதுதான் யாத்திரிகருக்குரிய முத்தம். அவன் கேட்ட சொல்லையே திருப்பித் தருகிறாள், அவன் கேட்ட பொருளைத் தர மறுக்கிறாள். அவனுடைய இயைபில் நின்றுகொண்டு அவனுடைய வாதத்தை உடைக்கிறாள். நான் மூதுரையின் 'அல்லாத'வில் பார்த்த அதே வித்தை: ஓசையால் இந்தப் பக்கம், பொருளால் அந்தப் பக்கம். வகுப்பறையில் எத்தனையோ முறை இந்தக் காட்சி 'பதினான்கு அடி, சானெட் வடிவம்' என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒரு பதினாறு வயதுப் பெண் தன் வாயால் சொல்லிப் பார்த்துவிட்டுக் கேட்டபோதுதான் அது எதற்காக சானெட் வடிவத்தில் இருக்கிறது என்பது எனக்குப் பிடிபட்டது.

மூன்றாம் நாலடியில் இருவரும் அடிகளைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். புனிதர்களுக்கு உதடு இல்லையா என்று அவன் ஓர் அடி. உண்டு, பிரார்த்தனைக்கு என்று அவள் ஓர் அடி. அப்படியானால் கை செய்வதை உதடும் செய்யட்டும், விசுவாசம் விரக்தியாகிவிடாமல் வரம் கொடு என்று அவன் இரண்டடி. கடைசி ஈரடியில் பதின்மூன்றாவது அவளுடையது: புனிதர்கள் அசைவதில்லை, ஆனாலும் வேண்டுதலுக்காக வரம் தருவார்கள். பதினான்காவது அவனுடையது: அப்படியானால் அசையாதே, என் வேண்டுதலின் பலனை நான் பெற்றுக்கொள்கிறேன். முத்தம். நாடகத்தைத் திறந்து அடியை எண்ணிப் பாருங்கள். பேச்சுக்குள் ஒளித்து வைத்த முழு சானெட் அது. அதற்குப் பிறகு அவன் அடுத்த சானெட்டை ஆரம்பிப்பதுபோல இன்னொரு நாலடி ஓடுகிறது. அது முடிந்ததும் செவிலித்தாய் வந்து 'உன் அம்மா கூப்பிடுகிறார்' என்று அறுத்துவிடுகிறாள்.

ஒத்திகை பார்க்க வந்த சங்கச் செயலாளர் செவிலித்தாய்க்கு முன்பே வந்துவிட்டார். நல்ல மனிதர், தண்ணீர் லாரி, லிஃப்ட் பழுது எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் சமாளிப்பவர். "எல்லாம் பிரமாதம், மேடம். முத்தம் மட்டும் வேண்டாம். பெரியவர்கள் இருப்பார்கள். அந்தக் கடைசி வரியை எடுத்துவிட்டால் போதும்" என்றார். சரி, எடுத்துவிட்டுச் செய்து காட்டுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். பெண் தன் அடியைச் சொன்னாள். அது 'சேக்' என்று முடிகிறது. பையன் வாய் திறக்கவில்லை. அறையில் சத்தமே இல்லை. செயலாளர் கழுத்தை முன்னால் நீட்டியபடி நின்றார். "அப்புறம்?" என்று கேட்டார்.

அவருக்கு ஷேக்ஸ்பியர் தெரியாது, இயைபு தெரியாது. பன்னிரண்டு அடிகளாக ஒவ்வொரு ஓசைக்கும் ஒரு பதில் வந்துகொண்டிருந்ததைக் காது மட்டும் கேட்டு வைத்திருந்தது. 'சேக்' வந்தால் 'டேக்' வர வேண்டும். அது வராதபோது தவித்தது அவர்தான். வேண்டுமானால் இரண்டு அடியையுமே எடுத்துவிடலாமே என்று அடுத்த யோசனை சொன்னார். பன்னிரண்டாம் அடியோடு நிறுத்தினால் இயைபுக்குக் குறையில்லை என்பதால் நான் ஒரு நொடி யோசித்தேன். பெண் ஒப்புக்கொள்ளவில்லை. "அங்கிள், அப்படிச் செய்தால் அவன் கேட்டதற்கு நான் பதிலே சொல்லாமல் போய்விடுகிறேன். சரி என்று சொல்கிற வரியே அதுதான்" என்றாள். ஓர் அடியை வெட்டினால் ஓசை அந்தரத்தில் நிற்கிறது. இரண்டு அடியை வெட்டினால் அவளுடைய சம்மதம் போய்விடுகிறது. கடைசியில் பதினான்கு அடியும் இருந்தன, முத்தம் மட்டும் இல்லை. ஜூலியட்டே எட்டாம் அடியில் வழி சொல்லியிருந்தாளே, உள்ளங்கையோடு உள்ளங்கை. அதைச் செய்தார்கள். செயலாளர் கைதட்டினார்.

நண்பருக்கு நான் சொன்னது

அடுத்த கூட்டத்தில் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். சானெட்டின் வடிவம் ஊடலின் வடிவம் என்பது என் கட்சி. காமத்துப்பால் எங்கே முடிகிறது? ஊடலுவகையில். 'ஊடுதல் காமத்திற்கு இன்பம் அதற்கின்பம் கூடி முயங்கப் பெறின்' என்று 1330ஆம் குறளோடு நூலே முடிந்துவிடுகிறது. முதலில் ஊடல், பிறகு கூடல். முன்னது இல்லாமல் பின்னதற்குச் சுவையில்லை. சானெட்டும் எட்டடியோ பன்னிரண்டடியோ எதிர்த்துப் பேசிவிட்டுத்தான் சேர்கிறது. கோபித்துக்கொண்டவர் அறையை விட்டுப் போய்விட்டால் அதற்குப் பெயர் பிரிவு. ஊடல் என்றால் அதே அறையில், கேட்கிற தூரத்தில் இருந்துகொண்டு மறுக்க வேண்டும். இயைபு செய்வது அந்த வேலை: உன் ஓசை என் காதில் இருக்கிறது, இருந்தாலும் நீ சொன்னது சரியில்லை. யாப்பில்லாத கவிதையில் மறுக்கலாம், மன்றாடலாம், அழலாம். இன்னொருவரின் ஓசைக்குக் கட்டுப்பட்டபடியே மறுப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்படியானால் தமிழில் ஏன் சானெட் நிலைக்கவில்லை?" என்றார் நண்பர். நல்ல கேள்வி. முயலாமல் இல்லை. பரிதிமாற்கலைஞர் ஆங்கில சானெட்டைப் பார்த்துத் தனிப்பாசுரத் தொகையைப் பாடினார், ஜி.யு. போப் அதை ஆங்கிலப்படுத்தினார். அதற்குப் பிறகு அந்தப் பாதையில் கூட்டம் போகவில்லை. இதே பெங்களூரில் கன்னடக்காரர்கள் அதற்குச் 'சுனீத' என்று பெயர் வைத்து வீட்டுப் பிள்ளையாக வளர்த்துவிட்டார்கள். குவெம்பு எழுதினார். வீட்டில் தமிழ் பேசிய மாஸ்தி வெங்கடேச ஐயங்கார்கூடக் கன்னடத்தில்தான் எழுதினார். ஹாசன் பையனின் தாத்தா ஒத்திகைக்கு வந்தபோது இரண்டு சுனீதங்களைப் புத்தகம் இல்லாமல் சொன்னார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. என் அனுமானம் இது: நம் காது அடியின் தலையில் எதுகை தேடிப் பழகியது, சானெட் அடியின் வாலில் ஓசையை வைக்கிறது. சானெட் இரட்டை இயைபால் வாயிலைச் சாத்துகிறது. வெண்பாவோ கடைசி அடியில் ஒரு சீரைக் குறைத்து, நாள், மலர், காசு, பிறப்பு என்று சுருக்கென்று நின்றுவிடுகிறது. முடிப்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு வழி இருந்தது, அதுவும் மிகச் சிக்கனமானது. கையில் வெண்பா இருப்பவருக்குப் பதினான்கு அடி வளவளப்பாகத் தெரிந்திருக்கலாம்.

நண்பர் விடுகிறவர் இல்லை. "ஜூலியட் பேசினாள், ஒப்புக்கொள்கிறேன். லாரா எப்போது பேசினாள்? 366 பாட்டில் ஒரு பாட்டாவது அவள் பாடினாளா? உங்கள் நோட்டரியின் தலைவி சொர்க்கத்துக்கு வருகிறேன் என்று சொன்னாளா? ஒருவரே இரண்டு பக்கமும் வாதாடினால் அது ஊடலா, அம்மா?" இந்தக் கேள்விக்கு மழுப்ப வழியில்லை. காதல் சானெட்டின் வரலாற்றில் பெரும்பகுதி, பதில் சொல்லாத ஒரு பெண்ணைப் பார்த்து ஓர் ஆண் பேசிக்கொண்டிருந்த வரலாறுதான். ஜூலியட்டின் காட்சி எனக்கு அவ்வளவு இனித்ததற்கு அது விதிவிலக்கு என்பதே காரணம்.

ஆனாலும் பதில்கள் வந்தன, தாமதமாகவும் வேறு திசையிலிருந்தும். ஆங்கிலக் கவிஞர் எலிசபெத் பாரெட் பிரௌனிங் 1850இல் 44 சானெட்டுகளை அச்சிட்டார். ஏதோ போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து மொழிபெயர்த்தவைபோலத் தலைப்பு வைத்து மறைத்துக்கொண்டார். அவற்றில் 43ஆவதில், உன்னை எப்படியெல்லாம் காதலிக்கிறேன், எண்ணிச் சொல்கிறேன் என்கிறார். பிறகு உண்மையாகவே எண்ணுகிறார். அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பிரான்ஸில் லியோன் நகரத்தில் லூயி லபே இருந்தார். கயிறு திரிப்பவரின் மகள், கயிறு திரிப்பவரின் மனைவி. 'அழகிய கயிற்றுக்காரி' என்றே ஊர் அழைத்தது. 1555இல் வெளிவந்த அவருடைய நூலில் 24 சானெட்டுகள். பதினெட்டாவது, முத்தமிடு, மறுபடி முத்தமிடு என்று கூச்சமில்லாமல் ஆரம்பிக்கிறது. ருசியானதாக ஒன்று கொடு, ஆசை மிகுந்ததாக ஒன்று கொடு, தணலைவிடச் சூடாக நான்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறாள். வரவு, செலவு, வட்டி எல்லாம் சரியாக இருக்கிறது. நண்பர் அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "இவள் கணக்குத் தெரிந்தவள்" என்றார்.

அடுத்த ஆண்டு விழாவுக்கும் ஏதாவது ஷேக்ஸ்பியர் செய்யுங்கள் மேடம் என்று செயலாளர் கேட்டிருக்கிறார். கரூர்ப் பெண் லபேயைத் தனியாக மேடையில் சொல்கிறேன் என்கிறாள், பதினான்கு அடியும். செயலாளரிடம் நான் இன்னும் பேச்செடுக்கவில்லை.